இடது திருப்பத்தில் ஒரு கூர்முனை

இரண்டு குளிர்காலமாகப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "இடப்பக்கம் திரும்பும்போது குதிகாலைத் தள்ளுகிறீர்கள்." நான் நம்பவில்லை. ஆஸ்திரியாவின் கிட்ஸ்ஸ்டைன்ஹார்ன் சரிவில் நண்பர் எடுத்த வீடியோவில் என் திருப்பங்கள் இரு பக்கமும் ஒன்றுபோலவே தெரிந்தன. சந்தேகம் தீரட்டும் என்று இரண்டு பூட்டிலும் சென்சார் கட்டினேன்.

தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டர், சுழலும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப். வினாடிக்கு 100 முறை பதியும்.

முதல் நாள் பதிவு எதற்கும் உதவவில்லை. பூட்டின் மேல்பகுதியில் கட்டியிருந்தேன். கணுக்கால் மடங்கும்போதெல்லாம் அதுவும் கூடவே வளைந்ததால், சாய்ந்தது சறுக்குப் பலகையா காலா என்று பிரிக்க முடியவில்லை. குதிகாலுக்குப் பின்னால், பூட்டின் கெட்டியான அடி ஓட்டில் அசையாமல் ஒட்டிய பிறகே வரைபடம் தெளிந்தது.

ஆக்சிலரோமீட்டரை மட்டும் நம்பிச் சாய்வுக் கோணத்தைக் கணக்கிடாதீர்கள். தண்ணீர் நிரம்பிய வாளியைத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் சிந்துவதில்லை அல்லவா? திருப்பத்தில் சாய்ந்து போகிறவரின் நிலையும் அதுதான். விசை முழுவதும் உடலின் வழியாகவே இறங்குவதால், நன்றாகச் சாய்ந்திருக்கும்போதும் கருவிக்கு நாம் ஏறக்குறைய நேராக நிற்பதாகவே தோன்றும். கைரோஸ்கோப்பில் வேறு சிக்கல்: நொடிக்கு நொடி சிறு பிழைகள் சேர்ந்து, கோணம் மெல்ல மெல்ல விலகிப் போகும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் மென்பொருளே வேண்டும். இறங்கும் முன்னும் இறங்கிய பின்னும் ஒரே மாதிரிச் சமதரையில் 10 வினாடி அசையாமல் நில்லுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், அந்தப் பதிவை எவ்வளவு நம்பலாம் என்று காட்டிவிடும். புறப்படும்போது பூட்டை மூன்று முறை ஓங்கி மிதியுங்கள். வரைபடத்தில் எழும் மூன்று முனைகளை வைத்து வீடியோவோடு பொருத்திக்கொள்ளலாம்.

இத்தகைய சென்சார்களின் போன் செயலிகள், பலகை பனியின் மேல் பக்கவாட்டில் சாயும் விளிம்புக் கோணத்தின் அதிகபட்சத்தைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன. அதற்கு மதிப்பு உண்டு. என் பலகையின் பக்க வளைவு ஆரம் 16 மீட்டர். கடினப் பனியில் 45 பாகை சாய்த்தால் சுமார் 11 மீட்டர் ஆரத்திலும், 60 பாகை சாய்த்தால் 8 மீட்டரிலும் திரும்பும். ஆனால் பலகை வழுக்காமல் விளிம்பிலேயே ஓடினால்தான் இந்தக் கணக்கு. வழுக்குகிறதா என்பதைக் கோணம் சொல்லாது. அதற்குப் பலகை திசை மாறும் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

என் உண்மை அங்கேதான் வெளிப்பட்டது. வலது திருப்பங்களில் அந்த வேகத்தைக் காட்டும் கோடு சிறு குன்றுபோல ஏறி இறங்கியது. இடது திருப்பங்களில் தொடக்கத்திலேயே ஊசிபோல ஒரு முனை. வெளிக்காலான வலது காலை நம்பாமல், எடையை உள்ளே இடது காலில் வைத்துக்கொண்டு, பலகையின் வாலைத் தள்ளித் திருப்பியிருக்கிறேன். பயிற்சியாளர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

பிறகு ஐந்து நாள் எளிதான நீலச் சரிவில் ஒரே பயிற்சி: இடப்பக்கம் திரும்பும்போது இடது பலகையின் வாலைப் பனியிலிருந்து லேசாகத் தூக்கியபடி திரும்புவது. வெளிக்காலில் எடை இல்லாமல் அதைச் செய்யவே முடியாது. மூன்றாம் நாள் முனை மழுங்கியது. ஐந்தாம் நாள் இரண்டு பக்கக் கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாயின. செங்குத்தான சரிவுக்குப் போனதும் முனை திரும்பி வந்தது. பயம் இன்னும் போகவில்லை என்று புரிந்தது.

இன்னொன்று, குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

சென்சார் கட்டினாலும் கட்டாவிட்டாலும், ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு நின்று திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள். மெல்லிய இரண்டு கோடுகள் என்றால் விளிம்பில் ஓடியிருக்கிறீர்கள். பனி அகலமாகத் தேய்ந்திருந்தால், அந்த இடத்தில் வழுக்கியிருக்கிறீர்கள்.