பழைய கணினியை அணைக்கும் முன்

புதுக் கணினி வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து, வயர்களைச் செருகி, உடனே ஓட்டிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கணினியைக் காசு கொடுத்தால் மறுபடி வாங்கலாம். அதற்குள் இருக்கும் பத்து வருஷப் படங்களையும் கடிதங்களையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் வேலையைப் பழைய கணினியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அந்தக் காரணத்தால் பழைய டெஸ்க்டாப்பை விட்டு விண்டோஸ் 11 கணினிக்கு மாறுகிற வீடுகளை மனதில் வைத்தே இந்த வரிசையைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை முழுவதையும் இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. முதலில் நகல்

வெளி ஹார்டுடிஸ்க் ஒன்றில் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களையும் நகலெடுங்கள். டி, இ டிரைவ்களையும் மறக்காமல் திறந்து பாருங்கள். கல்யாணப் படங்கள் பல வீடுகளில் அங்கேதான் கிடக்கும். பிரவுசரில் சேமித்த புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் உங்கள் கணக்கோடு சிங்க் செய்துவிடுங்கள்.

தமிழில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் திறக்கும். பாமினி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி விழ வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். அப்பா அடித்து வைத்திருந்த குடும்பக் குறிப்புகள் எங்கள் வீட்டில் இப்படித் திறந்தபோது, கோப்பே கெட்டுவிட்டதென்று பதறிப்போனோம். கோப்பு நன்றாகத்தான் இருந்தது. எழுத்துரு மட்டும் கூட வரவில்லை. ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸிலிருந்து தமிழ் எழுத்துருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கணினியில் அவற்றை நிறுவிப் படித்துப் பார்த்த பிறகு, எழுத்துரு மாற்றியின் உதவியோடு யூனிகோடுக்கு மாற்றி, தனிக் கோப்பாகச் சேமியுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

2. இடமும் மின்சாரமும்

ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைப் போடுங்கள். ஜன்னல் எதிரே இருந்தால் கண் கூசும்; முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் அடிக்கும். மானிட்டர் ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ அமைந்தால் கழுத்து வலிக்காது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டரை வைத்துச் செருகாதீர்கள், எர்த் அறுந்துவிடும். சிபியு பெட்டியைத் தொடும்போது சுருக்கென்று பிடித்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்த பிறகே மேற்கொண்டு போங்கள்.

யூபிஎஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 600 விஏ என்றால் 600 வாட் அல்ல. பல மாடல்களில் அது 360 வாட் அளவுதான் தாங்கும். கரண்ட் போனால் கோப்பைச் சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்குத்தான் யூபிஎஸ் அவகாசம் தரும். தொடர்ந்து வேலை பார்ப்பதற்கு அல்ல. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகவே கூடாது. அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரம் மிக அதிகம்.

3. இணைப்பு

பில்லையும் பெட்டியிலுள்ள சீரியல் எண்ணையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வாரண்டிக்கு இவை வேண்டும். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் தேவைப்படும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி என்றால், எச்டிஎம்ஐ வயரை அந்தக் கார்டில் இருக்கும் துளையில்தான் செருக வேண்டும். மதர்போர்டு துளையில் செருகிவிட்டு, ‘திரை வரவில்லை’ என்று கலங்குகிறவர்கள் நிறையப் பேர்.

4. முதல் மணி நேரம்

கணினி கேட்கும் கேள்விகளுக்கு அவசரமில்லாமல் பதில் சொல்லுங்கள். வைஃபை இணைந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள். ஒரு தடவையில் முடியாது. ரீஸ்டார்ட் செய்து, இனி அப்டேட் எதுவும் பாக்கியில்லை என்று காட்டும் வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும்.

பல புதிய கணினிகளில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் மீட்புச் சாவி 48 இலக்க எண். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். என்றாவது கணினி அந்த எண்ணைக் கேட்டு, அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும்.

512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி, திரையில் 476 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024இன் மடங்குகளில் எண்ணுகிறது.

5. தமிழ்

செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். அதன் கீபோர்டு பட்டியலில் தமிழ் 99 இருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 விசைகளுக்குள் 247 எழுத்துகளும் அடங்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டினால் மொழி மாறும்.

6. ஆளுக்கொரு கணக்கு

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்குச் சாதாரணக் கணக்கு போதும். பிள்ளைகள் தெரியாமல் எதையாவது நிறுவிவிடுவது இதனால் பெரும்பாலும் தடுக்கப்படும். தாத்தா பாட்டியின் கணக்கில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் எழுத்தின் அளவைக் கூட்டிக் கொடுங்கள். 225 சதவீதம் வரை போகும்.

‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று யாராவது போன் செய்தாலோ, திரையைப் பகிரச் சொன்னாலோ பேச்சை வளர்க்காமல் துண்டிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் ஒட்டினாலும் தவறில்லை.

7. கை பழகும் வரை

முதல் இரண்டு வாரம் எல்லாமே இடம் மாறியதுபோல் இருக்கும். நடுவில் நிற்கும் ஸ்டார்ட் பட்டனை டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடதுபக்கம் கொண்டுவரலாம்; பாதித் தடுமாற்றம் அதிலேயே தீரும். விண்டோஸ் விசையோடு இ தட்டினால் ஃபோல்டர்கள் திறக்கும். வி தட்டினால் முன்பு காப்பி செய்தவை வரிசையாக வரும். தினம் ஒன்றைப் பழகினால் போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

8. கடைசியாக, பழையது

முக்கியக் கோப்புகளுக்கு மூன்று நகல்கள் வேண்டும்: புதுக் கணினியில் ஒன்று, வெளி ஹார்டுடிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மூன்றாவது இணையச் சேமிப்பிலும் இருக்கலாம், ஊரிலிருக்கும் தம்பி வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். நகலெடுத்ததோடு விடாமல் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல.

பழைய கணினியை ஒரு மாதம் மூலையில் அப்படியே வைத்திருங்கள். எடுக்க மறந்தது ஏதாவது அதற்குள் நிச்சயம் நினைவுக்கு வரும். அதன் பிறகு ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்து, டிரைவைத் துடைத்துவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். அதுவரை அது வெறும் பழைய பெட்டி இல்லை; உங்கள் வீட்டு நினைவுகளின் மூலப்பிரதி.