"லேசாத்தான் ஷாக் அடிக்கும்" என்று விட்டுவிடலாமா?

இந்த மாதப் பாடம்: வீட்டில் பாட்டு செட்டைப் பாதுகாப்பாக மாட்டுவதும் பயன்படுத்துவதும்



நம் குழுக்களில் ஒன்றின் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து கடன் கேட்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு உறுப்பினர், "பையன் ஆம்ப்ளிபையர் செட்டு வேணும்னு நச்சரிக்கிறான். உள்கடன் கொடுங்க" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அக்கா சிரித்துக்கொண்டே, "வாங்கிக் குடு. ஆனா செருப்பு போட்டுக்கிட்டுத் தொடச் சொல்லு. எங்க வீட்டு செட்டு லேசா ஷாக் அடிக்கும். பழகிப்போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் முடிந்ததும் ஊர் வயர்மேன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்கே போனோம். அங்கே பார்த்ததைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

அந்த வீட்டில் என்ன பார்த்தோம்?

டி.வி.க்குப் பக்கத்தில் தகரப் பெட்டி ஆம்ப்ளிபையர். டவுனில் அசெம்பிள் செய்து வாங்கியது. வயர்மேன் அண்ணன் முதலில் மெயினை ஆஃப் செய்தார். பிறகு பிளக்கைக் கழற்றினார். மூன்று கம்பி உள்ள வயர்தான். ஆனால் இரண்டு பின் பிளக் மாட்டியிருந்தார்கள். எர்த்துக்கு உரிய பச்சைக் கம்பியை வெட்டி மடக்கி விட்டிருந்தார்கள்.

அடுத்து, கரண்ட் வயர் பெட்டிக்குள் நுழையும் ஓட்டையைக் காட்டினார். அங்கே இருக்க வேண்டிய ரப்பர் வாசர் இல்லை. தகரத்தின் ஓரம் உரசி உரசி வயரின் மேல் தோல் அறுந்திருந்தது. உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. அது தகரத்தில் படும்போதெல்லாம் பெட்டி முழுக்க கரண்ட். "இத்தனை நாளா ஒண்ணும் ஆகலைன்னா அது உங்க நல்ல நேரம்மா" என்றார் அவர்.

அக்கா முகம் மாறிப்போச்சு. "தெனமும் ஈரத்துணியால நான்தானே துடைப்பேன்" என்றார்.

இதுதான் விஷயம் சகோதரிகளே. செட்டை வாங்குவது பையனாக இருக்கலாம், வீட்டுக்காரராக இருக்கலாம். ஆனால் ஈரக்கையோடு, வெறுங்காலோடு, தரை துடைக்கும்போதும் தூசி தட்டும்போதும் அதைத் தொடுவது பெரும்பாலும் நாம்தான். அதனால் அதை எப்படி மாட்ட வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லேசான ஷாக் எப்படி ஆளைக் கொல்லும்?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். கை காய்ந்திருந்தால், காலில் செருப்பு இருந்தால், உடம்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட்தான் பாயும். சுர்ரென்று இழுத்து விட்டுவிடும். அதே பெட்டியை ஈரக்கையோடு, ஈரத்தரையில் வெறுங்காலில் நின்று தொட்டால் பல மடங்கு கரண்ட் பாயும். பெட்டியில் இருக்கும் வோல்ட் அதேதான். நம் உடம்பின் நிலைதான் மாறுகிறது. நேற்று லேசாக அடித்தது இன்றைக்கு உயிரை எடுக்கும்.

எவ்வளவு கரண்ட் ஆபத்து? 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலே மூச்சும் இதயமும் பாதிக்கப்படலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிய எடுக்கும் கரண்ட் இதைவிட அதிகம். ஒரு சின்ன பல்பு எரியப் போதாத கரண்ட், ஆளைச் சாய்க்கப் போதும்.

மூன்றாவது பின் எதற்கு?

பிளக்கில் மேலே தடிமனாகவும் நீளமாகவும் இருப்பது எர்த் பின். செருகும்போது முதலில் உள்ளே போவதும், பிடுங்கும்போது கடைசியில் வெளியே வருவதும் அதுதான். பெட்டியின் தகரத்தை அது வீட்டுக்கு வெளியே மண்ணில் புதைத்திருக்கும் எர்த்தோடு சேர்க்கிறது. உள்ளே வயர் அறுந்து தகரத்தில் பட்டாலும், கரண்ட் நம் உடம்பைத் தேடாமல் எர்த் வழியாகப் போகும். அப்படிப் போகும்போது பியூஸ் போகும், அல்லது ஆர்.சி.சி.பி. விழும். பழுது இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். எர்த் பின்னை வெட்டினால் அந்தக் காவல் போய்விடுகிறது.

இரண்டு பின்னோடு கம்பெனியிலிருந்தே வரும் செட்டுகளும் உண்டு. அவற்றின் பின்புறம் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். இரட்டைக் காப்பு செய்தது என்று அதற்கு அர்த்தம். அவற்றுக்கு எர்த் தேவையில்லை. அந்த அடையாளம் இல்லாத தகரப் பெட்டிக்கு மூன்று பின் பிளக் கட்டாயம்.

எம்.சி.பி. இருக்கே, போதாதா?

போதாது. இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்கிறார்கள். எம்.சி.பி. அளவுக்கு மீறி லோடு ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். அது வயரைக் காப்பாற்றும். உடம்பு வழியாகக் கரண்ட் கசிவதைக் கண்டுபிடித்து உடனே துண்டிப்பது ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் விழுந்தால் நன்றாக இருக்கிறது. விழாவிட்டால் மாற்ற வேண்டும். மாதக் கூட்டம் நடக்கும் நாளன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அட்டைப் பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 3000 வாட்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். அது விற்பனைக்குப் போடும் கணக்கு. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். செட் எடுக்கும் கரண்ட் எத்தனை வாட் என்று பின்புறத் தகட்டில் இருக்கும். 100 வாட் எடுக்கும் செட் 10 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

2. வயர், பிளக், சுவிட்சு எல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.

3. அசெம்பிள் செட் என்றால், வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வாசர் இருக்கிறதா, உள்ளே எர்த் கம்பி தகரத்தோடு திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். ரப்பர் வாசருக்குச் சில ரூபாய்தான் செலவு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். பில் வாங்க மறக்காதீர்கள்.

மாட்டும்போது

1. முதலில் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று வயர்மேனைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருந்தாலே எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பழைய வீடுகள் பலவற்றில் பாயிண்ட் இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. எர்த்தை நியூட்ரலோடு முடிந்துவிடும் குறுக்கு வழிக்குச் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் தகரத்தில் கரண்ட் வரும்.

2. செட்டைச் சுவரை ஒட்டி வைக்காமல் நாலு பக்கமும் காற்று போக இடம் விடுங்கள். ஓடும்போது மேலே பூத்துணி கவர் போட வேண்டாம். சூடு வெளியே போக முடியாமல் உள்ளே கருகும். செட்டின் மேல் சாமி விளக்கு, பூ வைத்த தண்ணீர்க் கிண்ணம், டம்ளர் எதுவும் கூடாது.

3. ஸ்பீக்கர் பெட்டி கனமானது. குழந்தை எட்டி இழுத்தால் விழுந்துவிடாத உயரத்தில், ஆடாத பலகையில் வைக்க வேண்டும். வயரை வாசற்படியிலும் நடக்கும் பாதையிலும் போடக் கூடாது.

4. செட் ஆஃபில் இருக்கும்போது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஸ்பீக்கர் வயரை மாட்ட வேண்டும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. செம்பு இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஒரு இழை தவறிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் செட் புகைந்துவிடும்.

5. செட்டின் பின்னால் 4 ஓம், 8 ஓம் என்று எழுதியிருக்கும். அதற்குப் பொருத்தமான ஸ்பீக்கர்தான் போட வேண்டும். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் அது 4 ஓம் ஆகிவிடும். சத்தம் வேண்டும் என்று பையன்கள் இப்படி அடுக்கிக்கொண்டே போவார்கள். செட் சூடேறி எரியும்.

6. எஃப்.எம். ஏரியல் கம்பியை மின்கம்பிக்குக் கிட்டே கட்டவே கூடாது. காற்றில் விழுந்து மின்கம்பியில் பட்டால் வீடு முழுக்க கரண்ட் வரும்.

7. செட் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே இஸ்திரிப் பெட்டியையும் மாட்டாதீர்கள்.

பாட்டுக் கேட்கும்போது

போடும் முன் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் போடுங்கள். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றினால் பியூஸ் போகாது, அதற்குப் பதிலாக வயர் தீப்பிடிக்கும். கருகல் வாடை வந்தாலோ, 'உம்'மென்று இரைச்சல் திடீரென்று கூடினாலோ சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். நாமே திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கன்டென்சரில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். துடைப்பதும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காய்ந்த துணியால் துடையுங்கள்.

இடி மின்னல் வரும் என்று வானம் காட்டினால் அப்போதே கரண்ட் பிளக், ஏரியல், டிஷ் வயர் மூன்றையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் ஆரம்பித்த பிறகு வயரைத் தொட வேண்டாம்.

காதையும் மறக்க வேண்டாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். டெசிபல் அளக்க நம்மிடம் கருவி இல்லை. ஒரு கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கைக்குழந்தையை ஸ்பீக்கர் பக்கத்தில் தூங்க வைக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், நோயாளி இருப்பார். நாம் தட்டிக் கேட்கும் முன் நம் வீட்டில் குறைத்துக்கொள்வோம்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால்

பதறிப்போய் ஆளைத் தொடாதீர்கள். தொட்டால் உங்களுக்கும் அடிக்கும். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரப்பலகையில் நின்று, காய்ந்த கம்பால் வயரைத் தள்ளுங்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். ஆளுக்கு நினைவும் மூச்சும் இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேகமாக அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். தெருக் கம்பத்திலோ மின்கம்பியிலோ கோளாறு என்றால் 1912-க்குச் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- நம் குழுவில் யார் வீட்டிலாவது செட், மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ் 'லேசாக' ஷாக் அடிக்கிறதா?
- எத்தனை வீட்டில் எர்த் இருக்கிறது? எத்தனை வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது?
- நாலைந்து வீட்டுக்குச் சேர்த்து ஒரே நாளில் வயர்மேனை வரவழைத்தால் கூலி குறையுமா?

கடைசியாக, அந்தக் குழுவில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் பையனுக்குச் செட்டு வாங்கக் கடன் கொடுத்தார்கள். வீட்டில் எர்த் போட்ட பிறகுதான் செட்டு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டே சொன்ன அந்த அக்காவும் கடன் கேட்டார். என்னத்துக்கு என்றால், ஆர்.சி.சி.பி. போட. "பழகிப்போச்சுன்னு சொன்னேனே, அதை நெனச்சாத்தான் இப்ப பயமா இருக்கு" என்றார்.

அவர் வீட்டில் இப்போது காலையில் பக்திப் பாட்டு ஓடுகிறது. செருப்பு வாசலில் கிடக்கிறது. உங்கள் வீட்டு செட்டின் பிளக்கை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். எத்தனை பின் இருக்கிறது?