வேலை முடிஞ்சு இன்னொரு வேலையா? தேடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி வேலைபார்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எம்.டி.எச். ரோட்டைப் பார்த்தாலே தெரியும். கம்பெனி கேட்டைவிட்டு வெளியே வருபவர்களில் எல்லோரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. சிலர் டெலிவரி பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். சிலர் டியூஷன் எடுக்கப் போகிறார்கள். சிலருக்குக் கடையில் இரவு ஒன்பது வரை கணக்கு எழுதும் வேலை. வாடகை, வண்டி இ.எம்.ஐ., பிள்ளைகளின் பீஸ் என்று செலவு கூடும்போது, சம்பளத்துக்கு மேல் நாலாயிரம், ஐயாயிரம் வந்தால் குடும்பம் மூச்சு விடும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஐயாயிரத்துக்காக இருக்கிற வேலையையோ, சேமிப்பையோ இழந்துவிடக் கூடாது. அதற்கு என்ன பார்க்கணும்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

படி 1: உங்க வேலைக்கு எந்த விதி?

"இரண்டாவது வேலை பார்க்கலாமா?" என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. நீங்க எங்கே வேலை பார்க்கிறீங்க என்பதைப் பொறுத்து அது மாறும்.

தொழிற்சாலைத் தொழிலாளி: 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-வது பிரிவு, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2020-ல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பிலும் இதே மாதிரி கட்டுப்பாடு உண்டு. முந்தைய 12 மணி நேரத்துக்குள் அதுபோன்ற இன்னொரு இடத்தில் வேலை பார்த்தவரைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது அது. காரணம் எளிது. பகலில் எட்டு மணி நேரம் பிரஸ் மெஷினில் நின்றவர், இரவில் வேறு பட்டறையில் லேத் ஓட்டினால் கண் சொக்கும், போவது விரல். ஆகவே பக்கத்துத் தெருப் பட்டறையில் "நைட் மட்டும் வந்து மெஷின் பாருங்க" என்று கூப்பிட்டால், அது சட்டத்துக்கும் ஒத்துவராது, உடம்புக்கும் ஒத்துவராது.

டியூஷன், கணக்கு எழுதுவது, வீட்டுச் சமையல் போன்றவை தொழிற்சாலை வேலை அல்ல. இந்தத் தடைக்குள் வராது. ஆனாலும் உங்க கம்பெனியின் நிலையாணைகளைப் பார்க்கணும். மத்திய மாதிரி நிலையாணைகள், முதலாளியின் நலனைப் பாதிக்கக்கூடிய கூடுதல் வேலையைத் தொழிலாளி ஏற்கக் கூடாது என்கின்றன.

ஐ.டி., அலுவலக ஊழியர்: இங்கே முக்கியம் உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். அதில் "முழுநேரமும் நிறுவனத்துக்கு மட்டும்" என்ற ரீதியில் ஒரு வரி இருக்கும். வேலையில் சேரும் அவசரத்தில் பலர் அதைப் படிப்பதே இல்லை. 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகக் கண்டறிந்த 300 பேரை நீக்கியது. அதே ஆண்டு ஸ்விக்கி நிறுவனம் அனுமதி பெற்று வெளிவேலை பார்க்கலாம் என்று கொள்கை வகுத்தது. இன்ஃபோசிஸும் முன் அனுமதியோடு சில வெளிவேலைகளுக்கு வழிவிட்டது. இதில் ஒரு பாடம் இருக்கு. போட்டி நிறுவனத்துக்கு ரகசியமாகப் பார்க்கும் வேலை ஒரு ரகம். சொல்லிவிட்டு, நலன் மோதாமல் பார்க்கும் வேலை வேறு ரகம்.

அரசு ஊழியர்: மாநில அரசு ஊழியர்களுக்கு 1973-ம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பொருந்தும். முன் அனுமதியின்றித் தனியார் வேலையோ வியாபாரமோ கூடாது. ஆவடியில் மத்திய அரசுப் பணியில் இருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு 1964-ம் ஆண்டு மத்திய விதிகளின் 15-வது விதி. எப்போதாவது எழுதும் கதை, கட்டுரை போன்ற இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு அதில் இடம் உண்டு. அதுவும் அலுவலகப் பணி கெடாமல். ஒன்றை மட்டும் கவனிங்க. மனைவி பெயரில் இன்சூரன்ஸ் ஏஜென்சி இருந்தால் அதைத் துறைக்குத் தெரிவிக்கணும். அதற்காக நீங்க ஆள் பிடித்துக் கொடுத்தால் அதுவும் விதிமீறல்தான்.

அனுமதி கேட்க நீண்ட கடிதம் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா/அம்மா, நான் தங்கள் நிறுவனத்தில் _____ பிரிவில் பணிபுரிகிறேன். பணி நேரம் முடிந்த பின், வாரத்தில் _____ நாட்கள், மாலை _____ முதல் _____ வரை, _____ பணி செய்ய அனுமதி வேண்டுகிறேன். இது நம் நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையது அல்ல. என் பணி நேரமும் ஷிஃப்டும் இதனால் பாதிக்கப்படாது என உறுதி கூறுகிறேன்."

மின்னஞ்சலில் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வைங்க. "வாயால சொன்னாங்க" என்பது பின்னால் உதவாது.

படி 2: முதலில் ஓ.டி. கேளுங்க

வெளியே வேலை தேடும் முன், இருக்கிற இடத்திலேயே கூடுதல் நேரம் கிடைக்குமா என்று கேட்பது நல்லது. தொழிற்சாலையில் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் வேலைக்கு, சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்கு தரணும் என்பது சட்டம்.

மாதம் 18,000 ரூபாய் வாங்கும் சி.என்.சி. ஆபரேட்டர் ஒருவரை எடுத்துக்குவோம். 26 நாள், எட்டு மணி நேரம் என்றால் மணிக்குச் சுமார் 86 ரூபாய். ஓ.டி.யில் அது சுமார் 173 ரூபாய். வாரம் ஆறு மணி நேரம், மாதம் 24 மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால் சுமார் 4,150 ரூபாய்.

இப்போ அதே ஆள் மாலையில் டெலிவரிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். நாலு மணி நேரத்தில் எட்டு ஆர்டர், ஆர்டருக்கு 45 ரூபாய், மொத்தம் 360 ரூபாய். ஓடிய தூரம் 50 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு பெட்ரோல் 110 ரூபாய்க்கு மேல். டயர், ஆயில், சர்வீஸுக்கு ஒரு 40 ரூபாய் ஒதுக்கினால் கையில் நிற்பது சுமார் 210 ரூபாய். மணிக்கு 52 ரூபாய்தான்.

வீட்டிலேயே ஐந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, தலைக்கு 700 ரூபாய் வாங்கினால் மாதம் 3,500 ரூபாய். ஒன்றரை மணி நேரம் வீதம் 20 நாள் என்றால் மணிக்குச் சுமார் 116 ரூபாய். பெட்ரோல் செலவு இல்லை.

இவை உதாரணக் கணக்குகள்தான். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. "எவ்வளவு வருது" என்று கேட்காதீங்க. "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மிஞ்சுது" என்று கேளுங்க.

படி 3: எங்கே தேடுவது?

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் போனிலேயே பதிவு செய்யலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது, கட்டணம் இல்லை. கல்வித் தகுதி, இடம் வாரியாகத் தேடலாம். பெரும்பாலும் முழுநேர வேலைகளே இருக்கும் என்பதால், நிறுவனத்திடம் நேரத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்க.

நேரில் போக விரும்புவோர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தை அணுகலாம். ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டம். இது தெரியாமல் மாறிப் போய் அரை நாள் லீவை வீணாக்காதீங்க.

நம்ம பகுதியிலேயே கிடைக்கக்கூடியவை: சிறு நிறுவனங்களுக்கு டேலியில் கணக்குப் பதிவு, டியூஷன், வார இறுதியில் கடை வேலை, தையல், டிசைன் வேலை, டிபன் ஆர்டர். வீட்டில் சமைத்து விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். சிறு விற்பனையாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். சொந்தமாகச் சிறு தொழில் என்றால் உத்யம் பதிவு ஆதார் எண்ணோடு ஆன்லைனில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை.

டெலிவரி செய்வோருக்கு ஒரு வார்த்தை. உங்க வண்டி இன்சூரன்ஸ் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமா, டெலிவரிக்கும் சேர்த்தா என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்க. விபத்துக்குப் பிறகு தெரிந்து பயனில்லை. இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-ல் தனி நல வாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில், வாரியத்தில் பதிவு செய்த 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்க.

படி 4: "பார்ட் டைம் ஜாப்" மெசேஜ் வந்தால்

"வீட்டிலிருந்தே தினம் 3,000 ரூபாய். வீடியோவுக்கு லைக் போட்டால் போதும்." இந்த மெசேஜ் வராத போனே இல்லை. இது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் மாட்ட மாட்டீங்க.

முதலில் மூன்று வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி, 150 ரூபாய் நிஜமாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்துவிடும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே "எனக்கு 8,000 வந்துச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் போடுபவர்களும் அவர்கள் ஆட்களே. அடுத்து "பிரீபெய்டு டாஸ்க்": 1,000 கட்டினால் 1,300. அதுவும் ஒருமுறை திரும்பி வரும். பிறகு 10,000, 50,000 என்று ஏறும். திரையில் லாபம் காட்டும். எடுக்கப் போனால் "வரி கட்டுங்க", "தப்பா செஞ்சுட்டீங்க, மறுபடி கட்டுங்க" என்பார்கள். போட்டதை மீட்க மேலும் போடுவதில்தான் நகையும் கடனும் போகும்.

இன்னும் இரண்டு ரகம் உண்டு. டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிட்டீங்க" என்று வக்கீல் நோட்டீஸ் போல அனுப்பி மிரட்டுவது ஒன்று. பயந்து பணம் கட்டாதீங்க. "உங்க பேங்க் அக்கவுன்ட்டைக் கொடுங்க, மாதம் கமிஷன்" என்பது இன்னொன்று. இது மிக ஆபத்து. மோசடிப் பணம் உங்க கணக்கு வழியாகப் போனால் கணக்கு முடங்கும், போலீஸ் முதலில் உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தரணும். உங்ககிட்ட பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி 1-ல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன.

படி 5: பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருமான வரி

பி.எஃப்.: ஒருவருக்கு ஒரே யு.ஏ.என். தான். இரண்டு நிறுவனமும் பி.எஃப். கட்டினால் ஒரே மாதத்துக்கு இரண்டு பதிவு தெரியும். மறைக்க நினைத்து இரண்டாவது யு.ஏ.என். உருவாக்காதீங்க, பணம் எடுக்கும்போது சிக்கல்.

இ.எஸ்.ஐ.: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. ஆனால் பணிக் காயத்துக்கான பலன், அந்த வேலையின்போது, அதன் காரணமாக ஏற்படும் காயத்துக்கு மட்டுமே. மாலையில் தனியாக டெலிவரி செய்யும்போது விழுந்தால், பகல் வேலையின் பேரில் அந்தப் பலன் கேட்க முடியாது. ஆகவே தனி விபத்துக் காப்பீடு ஒன்று வைத்திருப்பது நல்லது.

வருமான வரி: இரண்டு வருமானத்தையும் கூட்டித்தான் வரி. இரண்டு இடத்திலும் சம்பளம் என்றால், நிலையான கழிவு (புதிய முறையில் 75,000 ரூபாய்) ஒருமுறைதான். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு, தள்ளுபடி போக வரி இல்லை. ஆனாலும் இரண்டாவது இடத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அது திரும்ப வரும். சம்பளமாக இல்லாமல் கட்டணமாக வாங்கும் பணம் தொழில் வருமானம். அதற்கு ஐ.டி.ஆர்.-1 படிவம் பொருந்தாது.

அடிக்கடி வரும் கேள்விகள்

என் கம்பெனியில் விதி எதுவும் எழுத்தில் இல்லை. என்ன செய்ய?
மேலே உள்ள கடிதத்தைக் கொடுத்துப் பதில் வாங்குங்க. ஒரே தொழிலில் உள்ள நிறுவனத்துக்கும், வாடிக்கையாளருக்கும் வேலை பார்க்காதீங்க. கம்பெனி லேப்டாப்பை வெளிவேலைக்குத் தொடாதீங்க.

இரவில் வேலை முடிந்து தனியாக வரணும். பாதுகாப்பு?
கடைசி பஸ், ரயில் நேரத்தைப் பார்த்த பிறகே நேரம் ஒப்புக்கொள்ளுங்க. 'காவல் உதவி' செயலியைப் போனில் வைங்க. பெண்களுக்கான உதவி எண் 181.

எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?
தூக்கத்தில் கை வைக்காத அளவுக்கு. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரத்தோடு நிறுத்திப் பாருங்க. காலை ஷிஃப்டுக்கு லேட் ஆக ஆரம்பித்தால், மெஷின் முன் கண் சொக்கினால், இரண்டாவது வேலை உங்க முதல் வேலையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சேரும் முன் ஒருமுறை

ஒரு பேப்பரில் நாலு பதில் எழுதுங்க. என் வேலையின் விதி இதை அனுமதிக்குதா? செலவு போக மணிக்கு எவ்வளவு மிஞ்சுது? இவங்க என்கிட்ட பணம் கேட்டாங்களா? அடிபட்டால் யார் பொறுப்பு? நாலுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தைரியமாகச் சேருங்க. ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், பதில் கிடைக்கும்வரை பொறுங்க. ஒரு மாதம் தள்ளிப்போனாலும் இருக்கிற வேலையும் சேமிப்பும் உங்ககிட்டயே இருக்கும்.