தடிப்பு வரவில்லை என்றால்

அன்புள்ள தம்பி,

எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு மாண்டூ போட்டு மூன்றாம் நாள் பார்த்தபோது கையில் தடிப்பே இல்லை, டி.பி. இல்லை என்று எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது.

மாண்டூ கிருமியைத் தேடும் சோதனையே அல்ல. டி.பி. கிருமியிலிருந்து எடுத்துத் தோலுக்குள் செலுத்தும் 0.1 மி.லி. டியூபர்குலினை உடம்பு அடையாளம் கண்டுகொள்கிறதா என்றுதான் பார்க்கிறோம். கண்டுகொள்ள வேண்டிய சி.டி.4 அணுக்களைத்தானே எச்.ஐ.வி. அழிக்கிறது? மற்றவர்களுக்கு 10 மி.மீ. என்று வைத்த வரம்பை இவர்களுக்கு 5 ஆகக் குறைத்ததும் அதனால்தான். சி.டி.4 மிகவும் சரிந்துவிட்டால் அந்த 5-ம் வராது.

இதை எய்ட்ஸ் கற்றுத்தந்த பாடம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய மருத்துவ இதழ்களைப் புரட்டுவது, வீட்டில் வசவு வாங்கித்தரும் என் பொழுதுபோக்கு. வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்கே 1908-லேயே எழுதிவிட்டார்: டியூபர்குலினுக்கு நன்றாகத் தடித்த பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டதும் தடிப்பு மறைகிறது; அம்மை இறங்கிச் சில நாளில் திரும்புகிறது. அந்த ஒரு வாரத்தில் காசநோய்க் கிருமி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. சென்னையில் சுனிதி சாலமன் குழு நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது 1986-ல். பிர்கேயைப் படித்த எவரும் அன்றைக்கே இந்த வெறுங்கையை எதிர்பார்த்திருப்பார் என்பது என் கட்சி. யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

அளப்பதையாவது ஒழுங்காகச் செய். சிவப்பை அளக்காதே, தடிப்பை அள. பால்பாயின்ட் பேனாவை இருபுறமிருந்தும் தடிப்பை நோக்கி மெல்ல இழுத்து, தடுக்கும் இடத்தில் நிறுத்து. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ளதை எழுது. ‘நெகட்டிவ்’ என்று கிறுக்காமல் ‘0 மி.மீ.’ என்று எழுது.

தடிப்பு வந்தால் பயனுண்டு: ஐசோனியாசிட் போன்ற டி.பி. தடுப்பு மருந்தால் அதிக நன்மை பெறுபவர்கள் தடித்தவர்கள்தான். ஆனால் மாண்டூ போடவில்லை என்பதற்காக அந்த மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆறு மாத இரட்டை மருந்தா, 36 மாத ஐசோனியாசிடா என்று நம் மதுரையிலும் சென்னையிலும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது; தேடிப் படி.

மருந்துக்கு முன் நான்கு கேள்விகள்: இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை. ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் முதலில், டி.பி. இருப்பவருக்கு ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

உன் கடிதத்தின் கடைசியில், அவருக்கு வேட்டி இடுப்பில் நிற்பதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். நாளைக் காலையிலேயே சளியை அனுப்பு.