தாவலும் ஆழமும்: முப்பரிமாண விளையாட்டை மதிப்பிடும் முறை

மாலை வேளைகளில் நம் விடுதி அறைகளில் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நடைபெறும் சொற்போர் நண்பர்கள் அறிந்ததே. “வண்ணம் கண்ணைப் பறிக்கிறது” என்பார் ஒருவர். “ஆடவே வரவில்லை” என்பார் மற்றொருவர். இருவரும் உண்மையே பேசுகின்றனர். ஆயினும் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. மேடைக்கு மேடை தாவிச் செல்லும் முப்பரிமாண விளையாட்டு ஒன்றை எவ்வாறு எடைபோடுவது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் பஸ் குண்டலுபேட்டையில் நிற்கும். ஆடி மாதத்தில் அவ்வூரைச் சுற்றிச் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்து, நிலமெல்லாம் மஞ்சளாய்க் கிடக்கும். ஒருமுறை அங்கே தேநீர் அருந்தியபின் வயலோரம் நின்று, பூக்களுக்கு நடுவே நட்டிருந்த கண்ணேறு பொம்மை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்க முயன்றேன். ஐம்பது அடி எனலாம், நூற்றைம்பது அடி எனலாம், ஒன்றும் பிடிபடவில்லை. பக்கவாட்டில் நாலடி நடந்ததும் விடை தெரிந்துவிட்டது. அருகிலிருந்த செடிகள் விரைந்து நகர்ந்தன. பொம்மை மெல்ல நகர்ந்தது. அப்பாலிருந்த குன்றோ அசையவே இல்லை. ஒரே வண்ணம் பரந்து கிடக்கும் இடத்தில் வண்ணத்தால் தொலைவை அறிய இயலாது என்பதை அன்று கண்டேன். பஸ் கண்டக்டர் என்னை என்னவென்று எண்ணினாரோ, அறியேன்!

திரையும் அத்தகைய வயலே. நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காண்பதால் ஆழம் உணர்கிறோம். தட்டையான திரையிலோ இரு கண்ணுக்கும் கிட்டுவது ஒரே படம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேனாவிற்கு மூடி போட்டுப் பாருங்கள். விளையாட்டு வீரனின் இன்னல் விளங்கும். ஆகவே விளையாட்டைச் செய்வோர், ஒன்றை ஒன்று மறைத்தல், தொலைவிலுள்ளது சிறுத்தல், காமிரா நகரும்போது அண்மையும் சேய்மையும் வெவ்வேறு வேகத்தில் நகர்தல், நிழல் ஆகிய குறிப்புகளைக் கொண்டே ஆழத்தை உணர்த்தியாக வேண்டும்.

இவற்றுள் நிழலே தலையாயது. 1996-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ 64’ இவ்வகை விளையாட்டுகளுக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். அதில் மாரியோ துள்ளும்போது அவன் காலுக்கு நேர்கீழே வட்டமான நிழல் ஒன்று விழும். விளக்கு எப்பக்கம் இருந்தாலும் அந்நிழல் நேர்கீழேதான் விழும். பௌதிகப்படி இது பிழை, ஆடுவோர்க்கோ பேருதவி. எங்கே இறங்குவோம் என்பதை அந்த வட்டமே சொல்லிவிடுகிறது. அவ்விளையாட்டை ஆக்கிய ஷிகேரு மியாமோட்டோவின் குழுவினர், நிலைகளை அமைப்பதற்கு முன்பாகவே மாரியோ ஓடுவதையும் குதிப்பதையும் செம்மை செய்தனராம். முதலில் கால், பிறகே களம்.

துள்ளலிலும் கணக்கு உண்டு. மனிதன் அரை மீட்டர் உயரம் துள்ளினால் ஏறத்தாழ 0.64 வினாடியில் தரைக்கு மீள்வான். விளையாட்டு வீரனோ ஐந்து மீட்டர் துள்ளுகிறான். பூமியின் ஈர்ப்பே அங்கும் நிலவினால் அவன் இரண்டு வினாடி வானில் மிதக்க வேண்டும். நமக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு வினாடியில் அவன் இறங்க வேண்டுமாயின் ஈர்ப்பைச் சற்றொப்ப நான்கு மடங்காக்க வேண்டும். “மிதக்கிறது”, “கனமாக இருக்கிறது” என்றெல்லாம் நாம் குறை கூறுவது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். விளிம்பைத் தாண்டிய பின்னும் நொடியின் சிறு பகுதி வரை துள்ளலை ஏற்றுக்கொள்ளும் சலுகையும் பல விளையாட்டுகளில் மறைவாக உண்டு. அச்சலுகை இல்லாத ஒன்றை ஆடி, ஒரே பள்ளத்தில் பதினேழு முறை விழுந்தவன் யான்.

இனி நம் நாட்டு விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். புனேயிலுள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழுவினர் 2020-இல் ‘ராஜி: ஆன் ஏன்ஷியண்ட் எபிக்’ என்பதை வெளியிட்டனர். 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று, இலக்கை எட்டாது, பின்னும் தளராமல் முடித்த பணி அது. அரக்கர்கள் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடிச் செல்லும் கழைக்கூத்துப் பெண்ணே ராஜி. இது முழுமையான தாவல் விளையாட்டன்று. போர் பாதி, தாவல் பாதி. இராசத்தானத்துக் கோட்டைகளை நினைவூட்டும் மாடங்கள், பகாரி ஓவியத்தின் சாயல், கதையைச் சொல்ல நிழற்பாவைக் காட்சிகள் என்று கண்ணுக்கு விருந்து மிகுதி. தோற்பாவைக் கூத்தைக் கண்டவர்கள் உள்ளம் மகிழ்வர்.

ஆனால் இங்கேதான் நேர்மை வேண்டியிருக்கிறது. நம்மவர் செய்தது என்னும் பெருமிதத்தால் குறையை மறைப்பதும், நம்மவர் செய்தது என்னும் இளக்காரத்தால் நிறையைக் காணாதிருப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. ராஜியின் காமிரா நம் கையில் இல்லை. உயரத்தில், எட்ட நின்று, சாய்ந்து நோக்குகிறது. அதனால் ஒவ்வொரு காட்சியும் சிற்றோவியம் போல அழகுறுகிறது. அவ்வழகுக்கு விலை உண்டு. சாய்ந்த நோக்கில், உயரமான மேடையும் தொலைவிலுள்ள மேடையும் திரையில் ஒன்றுபோலவே மேலே தோன்றும். காமிராவைத் திருப்பி ஐயம் தீர்க்கவும் வழியில்லை. குண்டலுபேட்டையில் நான் நடந்த அந்த நாலடி இங்கே மறுக்கப்படுகிறது. இதற்கு ஈடாகத் தாவும் பாதைகள் பெரும்பாலும் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. ஆடுவோர் தொலைவைக் கணிக்க வேண்டிய தேவை குறைகிறது, கணித்து வெல்லும் இன்பமும் உடன் குறைகிறது. தாவல் என்ற ஒன்றை மட்டும் வைத்து அளந்தால் மாரியோவுக்குப் பல படி கீழேதான் ராஜியை வைப்பேன். சுவரோவியங்களின் முன் நின்று கதை கேட்கும் இடங்களை அளந்தால், மாரியோவிடம் அத்தகையது ஒன்றும் இல்லை.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல். ஆண்களில் நூற்றுக்குச் சிலர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய மாட்டார். ஏறத்தக்க இடத்தை நிறத்தால் மட்டுமே குறிக்கும் விளையாட்டு அவர்களுக்குக் கதவை அடைக்கிறது. திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்தால் இக்குறை உடனே வெளிப்படும்.

அடுத்த முறை புதிய விளையாட்டு ஒன்று அறைக்கு வந்தால், முதல் பத்து நிமிடம் எந்தப் பரிசையும் தேடாதீர்கள். வெற்றுத் தரையில் ஓடுங்கள், திரும்புங்கள், துள்ளுங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வண்ணம் பற்றிய சொற்போரை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.