மருத்துவ உளவியலார் ஆற்றும் பணிகள்

வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை 'மந்தம்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் பின்தங்குதல் ஒரு விளைவேயாகும். அதற்குரிய காரணங்கள் பல. பார்வை குறைந்த பிள்ளை, செவிப்புலன் குன்றிய பிள்ளை, பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளை, எழுத்துக்களைக் கூட்டிப் படிப்பதில் மட்டும் இடர்ப்படும் பிள்ளை, வீட்டில் அச்சத்தோடு வாழும் பிள்ளை, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை ஆகிய அனைவரும் மதிப்பெண் பட்டியலில் ஒரே தோற்றத்தை அளிப்பர். காரணத்தைப் பிரித்தறிந்து, அவரவர்க்கு ஏற்ற உதவியை வகுத்துக் கொடுப்பது மருத்துவ உளவியலாரின் பணியாகும்.

பயிற்சியும் தகுதியும்

மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர், மருந்து கொடுப்பவர். மருத்துவ உளவியலார் உளவியலில் உயர்கல்வியும் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர்; அவர் மருந்து கொடுப்பதில்லை. இருவரும் ஒருவர்க்கொருவர் துணையாகப் பணியாற்றுவர். 1954ஆம் ஆண்டு பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் நிறுவப்பெற்றது. மறு ஆண்டிலேயே அங்கு இத்துறைக்கெனப் பயிற்சி தொடங்கியது. அந்நிலையமே 1974இல் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையுடன் இணைந்து 'நிம்ஹான்ஸ்' ஆயிற்று. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்திய மறுவாழ்வுக் குழுமம் அமைந்தது. உளவியலாரை நாடுவோர், அவர் பெயர் இக்குழுமத்தின் பதிவேட்டில் உள்ளதா என வினவி அறிதல் நன்று.

அளந்தறிதல்

முதலில் உளவியலார் பெற்றோரிடம் பிள்ளையின் பிறப்பு, நடை, பேச்சு, நோய், குடும்ப நிலை ஆகியவற்றைக் கேட்டறிவார். கண்ணும் காதும் முன்னரே சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பின்னரே நுண்ணறிவுச் சோதனைகள் இடம்பெறும். எழுத்தறியாதவர்க்கும் பயன்படுமாறு சி. எம். பாட்டியா அமைத்த செயல் சோதனைத் தொகுதி 1955இல் வெளிவந்தது. வண்ணக் கட்டைகளை அடுக்குதல், கோலங்களை வரைதல், துண்டுகளைச் சேர்த்துப் படமாக்குதல் போன்றவை அதில் அடங்கும். பள்ளியில் கற்ற பாடத்தையன்றி, ஆராய்ந்து செய்யும் திறனை அறிவதே இத்தகைய சோதனைகளின் நோக்கம்.

சோதனையில் கிடைக்கும் எண் தீர்ப்பு அன்று. இன்று வழங்கும் நுண்ணறிவு அளவைகளில் சராசரி 100. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் அமைவர். எண் 70க்குக் குறைந்தால் மட்டும் போதாது. உண்ணல், உடுத்தல், பழகுதல் முதலிய அன்றாடச் செயல்களிலும் குறை காணப்பட்டாலன்றி அறிவு வளர்ச்சிக் குறை என முடிவு செய்தல் தகாது. மாறாக, எண் சராசரியாக இருந்தும் படிப்பு மட்டும் மிகப் பின்தங்கினால், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளதா என ஆராய்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் பெறுவதற்கு உளவியலாரின் அளவீடு துணைபுரிகிறது.

சிகிச்சையும் பயிற்சியும்

பள்ளிக்குச் செல்ல அஞ்சி அழும் சிறுவனை எடுத்துக்கொள்வோம். அழுதவுடன் வீட்டில் நிறுத்திவைத்தால் அச்சம் அன்றைக்குத் தணிகிறது. அந்நிம்மதியே மறுநாள் அழுகைக்கு உரம் ஊட்டுகிறது. உளவியலார் அச்சத்தின் மூலத்தை முதலில் தேடுவார். அடியோ ஏளனமோ காரணமாயின் அதனை நீக்குவதே முதல் வேலை. பின்னர் பள்ளி வாயில்வரை செல்லுதல், ஒரு பாடவேளை இருத்தல், அரை நாள் இருத்தல் எனப் படிப்படியாகப் பழக்குவார்.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அன்றாடச் செயல்களைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையைப் பெற்றோருக்குக் காட்டிக்கொடுப்பதும் அவர் பணியே. சட்டை அணியப் பழக்குங்கால், தாயே ஏனைய பொத்தான்களை மாட்டிவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளை மாட்டுமாறு விடுவார். அது கைவந்தபின் கடைசி இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு நாளும் பிள்ளையின் கையாலேயே வேலை நிறைவுறுவதால் ஊக்கம் குன்றுவதில்லை.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

உளவியலாரிடம் பிள்ளையை அனுப்புங்கால் 'படிப்பதில்லை' என்று எழுதுவதால் பயனில்லை. கண்டதை அவ்வாறே எழுதுதல் வேண்டும். எந்த எழுத்துக்களை மாற்றி எழுதுகிறான்? வாய்மொழியாகக் கேட்டால் விடை சொல்கிறானா? இடர் எப்போது தொடங்கியது? எந்த வேளையில் மிகுகிறது? விளையாட்டில் எவ்வாறு நடந்துகொள்கிறான்? இருவார காலம் குறித்துவைத்த இத்தகைய குறிப்பு, நிலையத்தில் ஒரு மணி நேரம் காண்பவருக்குக் கிட்டாத செய்திகளைத் தரும். அக்குறிப்பையும், பின்னர் வரும் அறிக்கையையும் பிறர் காண வைத்தலாகாது. வகுப்பில் அவற்றைக் குறித்துப் பேசுதலும் ஆகாது.

1996 முதல் நடைபெற்று வரும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக மாவட்ட மருத்துவமனையை அணுகலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பெறலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, குறிப்பெழுதிக் காத்திருத்தல் கூடாது. தனியே விடாது அன்றே உதவி பெறச் செய்தல் வேண்டும்.