வாத்துக் கால் சொல்லும் கணக்கு



ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடு என்பார்கள். சேர்வராயன் மலையில், கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது எங்க ஊர். ஏரி என்னவோ பெரிசுதான். ஆனா அது படகு விடுவதற்கு, நீச்சல் பழகுவதற்கு அல்ல. என்னோடு வளர்ந்த பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிடலாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி டிப்ளமோ படிக்க வந்த பிறகுதான் நீச்சல் குளத்தையே பார்க்கிறோம். அங்கே சிலர் காலில் வாத்துக் கால் மாதிரி ரப்பர் தகடு மாட்டிக்கொண்டு சர்ரென்று போவார்கள். அதற்குப் பேர் ஃபின். அது எப்படி வேலை செய்யுது, எங்கே உதவும், எங்கே ஏமாத்தும் என்பதை நாம் முதலாண்டில் படித்த மெக்கானிக்ஸை வைத்தே பார்ப்போம்.

சுரைக்குடுக்கை வேறு, ஃபின் வேறு

கிராமத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகுவார்கள். குடுக்கை ஆளை மிதக்க வைக்கும், முன்னால் தள்ளாது. ஃபின் வேலை தள்ளுவது. மிதக்கத் தெரியாதவருக்கு ஃபின் மாட்டி ஆழத்தில் இறக்கினால் ஆபத்துதான். இந்த வித்தியாசத்தை முதலில் மனசில் வைக்கணும்.

கணக்கைப் பாருங்க

துடுப்புப் படகு ஓட்டினவங்களுக்குத் தெரியும். அகலமான துடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால் படகு நகரும். வெறும் குச்சியால் எவ்வளவு வேகமா அடிச்சாலும் தண்ணி தெறிக்குமே தவிர படகு அசையாது. ஏன்?

நாம் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறோம், தண்ணீர் நம்மை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. ஒரு வினாடியில் தள்ளும் தண்ணீரின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் உந்து விசை. அதற்குச் செலவாகும் சக்தியோ நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது.

வெறுங்கால் வினாடிக்கு 10 கிலோ தண்ணீரை 2 மீட்டர் வேகத்தில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். விசை 20 நியூட்டன், செலவு 20 வாட். ஃபின் மாட்டிய கால் 20 கிலோவை 1 மீட்டர் வேகத்தில் தள்ளட்டும். விசை அதே 20 நியூட்டன். செலவோ 10 வாட்தான்! எண்கள் கணக்குக்காக எடுத்தவை, ஆனா தத்துவம் இதுதான்: நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளுவது லாபம்.

அப்போ கெண்டைக்கால் ஏன் வலிக்குது? அதற்கு நெம்புகோல் பாடம். தண்ணீரின் விசை 20 நியூட்டன், கணுக்காலிலிருந்து 0.2 மீட்டர் தூரத்தில் விழுந்தால் திருப்புதிறன் 4 நியூட்டன் மீட்டர். ஃபின் நீளத்தால் அது 0.4 மீட்டருக்குத் தள்ளிப் போனால் 8. கணுக்கால் இரண்டு மடங்கு பாரம் தாங்கணும். பெஞ்சமின் பிராங்கிளின் சின்ன வயசில் கைக்கு மரப்பலகை செய்து மாட்டி நீந்தினார். வேகம் கூடியது, மணிக்கட்டு களைத்தது. அதுவும் இதே கணக்குதான். 1933-இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ காலுக்கான ஃபின்னுக்குக் காப்புரிமை பெற்றார்.

பயிற்சியில் என்ன பயன்?

1. இடுப்பு மேலே வந்து உடம்பு தண்ணீரோடு மட்டமாகப் படுக்கும். நீரின் தடை குறையும். கை வீச்சையும் மூச்சையும் நிதானமாகக் கவனிக்கலாம்.

2. தண்ணீர் ஃபின்னை அழுத்தும்போது பாதம் நீளும். விறைப்பான கணுக்கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

3. காலைக் கீழே அடிப்பது போல மேலே தூக்குவதிலும் பலம் தேவை என்பது புரியும். தொடையின் பின்பக்கத் தசைகள் வேலை செய்யும்.

நீள ஃபின்னில் அடி மெதுவாக வரும், ஆரம்பக்காரருக்கு நல்லது. குட்டை ஃபின்னில் அடி வெறுங்காலின் தாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றுக்கும் ஆகும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் தவளை உதைக்கு இது சரிப்படாது.

கவனிக்க வேண்டியவை

குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான் மாட்டணும். மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தால் தடுக்கி விழுவோம். இறுக்கமாக இருந்தால் தசை பிடிக்கும், தளர்ந்திருந்தால் தோல் உரசிக் கொப்புளம் வரும். தசை பிடித்தால் ஓரத்துக்கு வந்து, கழற்றி, கால் விரல்களை நம் பக்கம் இழுத்துப் பிடிக்கணும். அடி இடுப்பிலிருந்து வரணும். சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கினாலும் ஃபின் ஆளைத் தள்ளிக்கொண்டு போயிடும். தப்பு வெளியே தெரியாது. ஃபின் ஏமாத்துற இடம் இதுதான்!

இதற்குச் சுலபமான சோதனை உண்டு. 25 மீட்டர் குளத்தில் ஃபின்னோடு இரண்டு நீளம் போங்க. உடனே கழற்றிவிட்டு இரண்டு நீளம். ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை கை வீச்சு என்று எண்ணுங்க. வெறுங்கால் எண்ணிக்கை வாரா வாரம் குறைந்தால் பயிற்சி பலிக்கிறது. ஃபின்னோடு போகும் எண்ணிக்கை மட்டும் குறைந்தால், நீந்தியது ரப்பர்தான், நாம் இல்லை.

போட்டியில் கழற்றணும்

சாதாரண நீச்சல் போட்டிகளில் ஃபின் போட விதி இடம் தராது. ஃபின் நீச்சல் என்றே தனி விளையாட்டு இருக்கிறது, அது வேறு. 1994-இல் நம்ம தமிழ்நாட்டுக் குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். கால்வாய் நீச்சலின் விதிப்படி ஃபின் கூடாது. அலையையும் குளிரையும் வெறுங்காலோடுதான் ஜெயிக்கணும்.

எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா அம்மாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. சீனியர் அண்ணன்கள் கொடுத்த நோட்ஸும் கைடும் இல்லாவிட்டால் முதல் செமஸ்டரைத் தாண்டியிருக்க மாட்டேன். அதில் வெட்கம் ஒண்ணுமில்லை. பரீட்சை ஹாலில் கைடு இருக்காது என்பது ஞாபகம் இருந்தால் போதும்.

நீச்சலில் இது மார்க் விஷயம் இல்லை, உயிர் விஷயம். அருவிக்கும் ஆற்றுக்கும் குளிக்கப் போன மாணவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி இன்னமும் வரத்தான் செய்கிறது. தவறித் தண்ணியில் விழும்போது யார் காலிலும் ஃபின் இருக்காது. ஆகவே நண்பர்களே, பயிற்சியாளர் இருக்கும் குளத்தில் பழகுங்கள். ஃபின் கிடைத்தால் மாட்டுங்கள், ஒவ்வொரு நாளும் கடைசி நாலு நீளத்தை வெறுங்காலோடு முடியுங்கள்.



மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை